தங்கச்சி கடனில், நான் கோபத்தில்

வாசகர் கேள்வி:

"எனக்கு 46 வயது. களுவாஞ்சிகுடியில் ஆசிரியையாக இருக்கிறேன். தங்கச்சி கல்யாணம் முடித்து, மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கிறா. மாப்பிள்ளை குத்தகைக் காணியில் வயல் செய்வார், மற்ற நேரம் மேசன்மாருக்குக் கையாள். ஆடு வளர்க்கப் போறேன் என்று தங்கச்சி முதலில் ஒரு குழுக்கடன், பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஆளுக்காள் பிணை நின்று எடுப்பார்களே அது, எடுத்தா. 2024 கார்த்திகை வெள்ளத்தில் பயிர் அழிந்த பிறகு அதைக் கட்ட இன்னொன்று. இப்போது நாலு இடத்தில் லோன். இதுக்குள்ளே மகள் பெரிய பிள்ளையானதற்குக் கடன்பட்டுச் சடங்கும் செய்தா. ஈடு வைத்துப்போட்டு மீட்டுத் தாறேன் என்று என்னிடம் வாங்கின இரண்டு பவுண் காப்பு ஏலத்தில் போய்விட்டது. அதைக்கூட அவ சொல்லவில்லை, வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரியும். கண்ணகி அம்மன் கோயில் வைகாசிக் குளிர்த்திக்கும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கிறா இல்லை. அண்ணன் 'பட்டுத் திருந்தட்டும்' என்கிறார். அம்மா இரவில் அழுகிறா. இரங்கிப் போனால் இன்னும் கெடுவா என்று பயம். விட்டுவிடவும் மனம் வருகுதில்லை. என்ன செய்ய?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கச்சியின் கடனை நீங்கள் அடைக்கவேண்டாம். அவரோடு பேச்சை முறிக்கவும் வேண்டாம். இவை இரண்டும் வேறு வேறு காரியங்கள். இரங்கினால் காசு கொடுத்தே ஆகவேண்டும், காசு கொடுக்காவிட்டால் ஏசித்தான் ஆகவேண்டும் என்று உங்கள் வீட்டில் எல்லாரும் நினைப்பதால்தான் விடயம் இப்படி முட்டுப்பட்டு நிற்கிறது. காசு ஒரு சதமும் கொடுக்காமல் தங்கச்சிக்குச் செய்யக்கூடியது நிறைய உண்டு. அதில் பெரும்பகுதி ஒரு கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு செய்யும் வேலை.

காப்பு விடயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. அதை விழுங்கிக்கொண்டு சிரித்துப் பேசுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதல் சந்திப்பில் அது வேண்டாம். பிறகு கணக்கு எழுதும்போது மற்றக் கடன்களோடு அதையும் ஒரு வரியாக எழுதுங்கள்: அக்கா, காப்பு, இரண்டு பவுண், வட்டி இல்லை. அதை விட்டுக்கொடுப்பதாக முடிவெடுத்தால் வாயால் தெளிவாகச் சொல்லி, அவர் கண் முன்னே அந்த வரியை வெட்டிவிடுங்கள். விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள். "பரவாயில்ல" என்று வாயால் சொல்லிவிட்டு ஒவ்வொரு நல்ல நாளிலும் வெறுங்கையைக் காட்டிக்கொண்டிருப்பதுதான் உறவை அரிக்கும்.

இனி ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று பார்ப்போம். 1960களில் மெல்வின் லேர்னர் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு பெண் மின்னதிர்ச்சி வாங்குவதுபோல நடிக்க, மற்றவர்கள் அது உண்மை என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்த வழி கொடுக்கப்பட்டவர்கள் அவரைப்பற்றி மோசமாக எதுவும் நினைக்கவில்லை. நிறுத்த வழியில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டி வந்தவர்கள்தான் அவருடைய குணத்திலேயே குறை கண்டார்கள். நம்மால் ஒன்றும் செய்ய முடியாத துன்பத்தைத் தொடர்ந்து பார்க்கும்போது, "அவ செய்ததுக்கு அவ படுறா" என்று நினைத்துக்கொள்வது நமக்கு ஒரு ஆறுதல். அண்ணனின் வசனமும் அந்த வகைதான். அவர் கல்நெஞ்சர் என்று நினைக்கவேண்டாம், அவருக்குச் செய்ய ஒரு வேலை இல்லை, அவ்வளவுதான். ஒரு வேலையைக் கையில் கொடுத்துப் பாருங்கள், பேச்சு மாறும்.

2004 மார்கழியில் கடல் வந்தபோது கரையோரத்துச் சனம் உள்ளுக்குள் ஓடியது. 2007 தொடக்கத்தில் ஷெல் அடியில் படுவான்கரை இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் வந்தது. அப்போது யாரும் "ஏன் கடலோரத்தில வீடு கட்டினீங்க", "ஏன் வாவிக்கு அங்கால இருந்தீங்க" என்று கேட்டுவிட்டுச் சோறு போடவில்லை. கடலும் ஷெல்லும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன. கடன் தெரிவதில்லை, கையெழுத்து வைத்தவரின் முகம்தான் தெரிகிறது. ஆகவே முழுக் குற்றமும் அந்த முகத்தில் விழுகிறது.

தெரியாமல் கிடப்பதை வெளியே எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம். தங்கச்சி வீட்டுக்குப் பெரிய காசு வருவது அறுவடைக்கு: ஐப்பசியில் விதைத்தால் தை, மாசியில். நீர்ப்பாசனம் உள்ள வயல் என்றால் சிறுபோகம் ஒன்று கூட, மானாவாரி என்றால் அதுவும் இல்லை. லோனோ வருடத்தில் 52 கிழமையும் கட்டவேண்டியது. வருடத்தில் ஒரு தடவையோ இரு தடவையோ காசு காணும் வீடு 52 தடவை காசு எடுத்து வைக்கவேண்டும். இடையில் வெள்ளம் வந்தாலும், மாப்பிள்ளைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டாலும், கட்டட வேலை நின்றாலும் அந்தக் கிழமைக் காசுக்கு இன்னொரு இடத்தில்தான் கை நீட்டவேண்டும். இரண்டாவது லோன் பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் பிறக்கிறது. அதற்கு ஊதாரித்தனம் தேவையில்லை, கால அட்டவணை பிழைத்தாலே போதும்.

வட்டியும் சொல்லப்படுவதுபோல இருப்பதில்லை. உதாரணத்துக்கு 50,000 ரூபா லோன், 52 கிழமை, கிழமைக்கு 1,250 என்று வையுங்கள். மொத்தம் 65,000 கட்டவேண்டும். "முப்பது வீத வட்டி" என்று சொல்லித் தருவார்கள். ஆனால் ஒவ்வொரு கிழமையும் முதல் தொகையில் ஒரு பகுதி குறைந்துகொண்டே போகிறது, வட்டி மட்டும் முழு 50,000க்கும் எடுக்கப்படுகிறது. வருடம் முழுக்கச் சராசரியாக அவர் கையில் இருந்தது ஏறத்தாழ 27,700 ரூபாதான், அதற்கு 15,000 வட்டி. உண்மையான ஆண்டு வட்டி 54 வீதம் அளவில் வருகிறது. பத்திரச் செலவு, காப்புறுதி என்று ஆரம்பத்திலேயே 2,500ஐ வெட்டி 47,500 மட்டும் கையில் கொடுத்தால் அது 65 வீதத்தைத் தாண்டும். கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியரும் முதல் பார்வையில் பிடிக்கத் தவறும் கணக்கு இது. இந்தச் சுழலில் தங்கச்சி மட்டும் விழவில்லை. 2018இல் அரசாங்கமே, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் நின்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டி வந்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பன்னிரண்டுக்குள் இருந்தன.

"யோசிச்சுச் செய்திருக்கலாமே" என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறுவடைக்கு முன் கையில் காசு இல்லாத காலத்திலும், அறுவடை முடிந்து காசு வந்த பிறகும் அதே ஆட்களுக்கு அதே வகைச் சிந்தனைச் சோதனைகளைக் கொடுத்தார்கள். காசு இல்லாத காலத்தில் புள்ளிகள் தெளிவாகக் குறைந்தன. ஆள் மாறவில்லை, அறிவு மாறவில்லை. நாளைக் காலை யாரிடம் 1,250 கேட்பது என்ற ஒரே யோசனை தலையின் இடத்தையெல்லாம் பிடித்துவிடுகிறது. அந்த நிலையில் மூன்று மாதம் தள்ளி வரப்போவதை எடைபோட முடிவதில்லை. ஈட்டுக்கடையில் காப்பின் தவணை முடிகிறது என்று தெரிந்தும் ஒன்றும் செய்யாமல் இருந்தது இதில் சேர்த்தி. உங்களுக்குச் சொல்லாமல் விட்டது வெட்கத்தில் சேர்த்தி.

சடங்கையும் கொஞ்சம் வேறு பக்கமாகப் பாருங்கள். சடங்கு செய்யாமல் விட்டால் "அவகட கதை முடிஞ்சுது" என்று ஊருக்கே அறிவித்ததாகும். அதன் பிறகு கடைக்காரர் கடன் தரமாட்டார், குழுவில் இருக்கிற பெண்கள் பிணை நிற்கத் தயங்குவார்கள். அவர் வருடக்கணக்காகப் பிறர் வீட்டுச் சடங்குகளுக்கு வைத்த காசு திரும்பி வருவதும் அந்த ஒரு நாளில்தான். வந்த அன்பளிப்புக் காசு எங்கே போனது என்று பிறகு எப்போதாவது கேளுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு லோனுக்குப் போயிருக்கும். சடங்கைப் பெரிதாகச் செய்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. விளங்காமல் செய்த காரியம் அல்ல என்கிறேன்.

பழி சொல்வதில் என்ன நட்டம் என்றால், ஏச்சு விழும் இடத்தில் ஆள் ஒளிப்பார். ஒளித்தால் உண்மையான தொகை யாருக்கும் தெரியாது. தொகை தெரியாத கடனுக்கு யாராலும் வழி பார்க்க முடியாது, அது தன்பாட்டில் வளரும். அண்ணன் சொல்வதுபோல் பட்டுத்தான் திருந்துவதென்றால் தங்கச்சி எப்போதோ திருந்தியிருக்கவேண்டும். அவர் போதுமான அளவு பட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அங்கே குறைவது தண்டனை இல்லை, பக்கத்தில் இருந்து கணக்குப் பார்க்க ஒரு ஆள்.

அந்த ஆள் நீங்கள் என்றால், பட்டிருப்புப் பாலம் தாண்டிப் போவதற்கு முன் சில விடயங்கள். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம், அம்மாவையும் முதல் தடவை வேண்டாம். இரண்டு பேர் போனாலே அது விசாரணையாகிவிடும். லோன்காரர் வரும் நாளில் போகவேண்டாம். ஒரு ஞாயிறு, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாக, பத்து மணி அளவில் போவது நல்லது. அரிசி, பருப்பு, பால்மா என்று பெரிய பையைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறக்காதீர்கள், அக்கம்பக்கம் பார்க்கும். முன்பெல்லாம் போனால் என்ன கொண்டுபோவீர்களோ அதையே, பிள்ளைகளுக்கு நாலு பணிஸ் போதும், கொண்டுபோங்கள்.

முதல் அரை மணித்தியாலம் கடன் பேச்சே வேண்டாம். பிறகு இப்படித் தொடங்கலாம்: "புள்ள, நான் ஏசுறதுக்கு வரல்ல. காப்புக் கதை கதைக்கவும் வரல்ல. எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதிப் பாப்பம், ரெண்டு பேரும் இருந்து." அவர் அழுதால் அழட்டும், இடைமறித்து "கவலைப்படாத, எல்லாம் சரிவரும்" என்று சொல்லவேண்டாம். சரிவரும் என்று உங்களுக்கே தெரியாதே. அது அவர் வாயை மூடுகிற வசனம், ஆறுதல்போலத் தோன்றும், அவ்வளவுதான். "நான் அப்பவே சொன்னன்", "ஆருக்குத்தான் கஷ்டமில்ல" என்பவையும் அதே வேலையைத்தான் செய்யும். "ஏன் எடுத்த?" என்று கேட்டால் அவர் நியாயம் சொல்லத் தொடங்குவார், அல்லது பொய் சொல்வார். "எந்தக் கிழமை ஆகக் கஷ்டமாப் போச்சு?", "ஆர்ட முகத்தப் பாக்கத்தான் ஆகப் பயமா இருக்கு?" என்று கேட்டால் கதை வரும். முகம் பார்க்கப் பயமான ஆள் பெரும்பாலும் கம்பனிக்காரராக இருக்கமாட்டார். குழுவில் பக்கத்தில் உட்காரும் பெண்ணாகவோ நீங்களாகவோ இருப்பார்.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள். முதல் நாள் அவர் சொல்லும் தொகை உண்மையான தொகையாக இராது, குறைவாகத்தான் இருக்கும். அதை அங்கேயே பிடித்துக் காட்டாதீர்கள். "இவ்வளவுதானா?" என்று இரண்டு தடவை கேட்டாலும் பிழைதான். எழுதிக்கொண்டு, "ஞாபகம் வாறத மறுகா எழுதுவம்" என்று கீழே நாலைந்து வரி வெறுமையாக விட்டுவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் சந்திப்பில் அந்த வரிகள் தானாக நிரம்பும். கடைசியாக வருவது பெரும்பாலும் இரண்டு வகை: மீட்டர் வட்டிக்கு, அதாவது தனியாரிடம் நாளுக்கு நாள் ஏறும் கடும் வட்டிக்கு, எடுத்த காசு, வேறு ஆளுக்காகத் தன் பெயரில் எடுத்துக் கொடுத்த லோன். பேர் கொடுத்து எடுத்துக் கொடுத்த லோனை வாங்கியவர் கட்டாமல் விட்டிருப்பார், சொந்தக்காரராகவும் இருப்பார், சொன்னால் சண்டை வரும் என்று தங்கச்சி மூடி வைத்திருப்பார்.

கொப்பியில் ஒரு கடனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யாரிடம், எந்தத் திகதியில், பத்திரத்தில் எவ்வளவு, கையில் கிடைத்தது எவ்வளவு, கிழமைக்கு எவ்வளவு, எந்த நாள், எத்தனை தவணை கட்டியாயிற்று, என்ன ஈடு, யார் பிணை. கையில் கிடைத்த தொகையைத் தனியாக எழுதுவது முக்கியம், உண்மையான வட்டி அதில்தான் தெரியும். நகை ஈட்டுத் துண்டுகள், கடைக்கொப்பி, சீட்டு, தங்கச்சி பிறருக்குப் பிணை நின்ற கடன்கள் எல்லாம் உள்ளே வரவேண்டும். ஞாபகம் தடுமாறினால் கடன் தகவல் பணியகத்தில், ஊரில் கிரிப் என்பார்களே, தன்னுடைய அறிக்கையை அவர் அடையாள அட்டையோடு தானே விண்ணப்பித்து எடுக்கலாம். ஆனால் வட்டிக்காரர், கடை, சீட்டு எதுவும் அதில் வராது. எழுதி முடிந்ததும் திகதி வரிசையில் ஒரு பட்டியல் போட்டு, பக்கத்தில் அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். வெள்ளம், காய்ச்சல், ஆடு செத்தது, பள்ளிக்கூடம் தொடங்கியது. அண்ணனுக்கு நீங்கள் ஆயிரம் வசனம் சொல்வதைவிட அந்த ஒரு பக்கத்தைக் காட்டுவது மேல், தங்கச்சி சம்மதித்தால் மட்டும். கேட்காமல் யாருக்கும் காட்டவேண்டாம், அம்மாவுக்கும்கூட.

கட்டும் ஒழுங்கு இது. முதலில் சாப்பாடு, மருந்து, பள்ளிக்கூடம், மின்சாரம். இவற்றைக் குறைத்து லோன் கட்டினால் அடுத்த மாதம் அதற்கே லோன் எடுக்கவேண்டி வரும். அடுத்தது தவணை முடியப்போகும் நகையும், வீட்டு உறுதி ஈடாகக் கிடக்கும் கடனும். நகைக்கு முழுக் காசு இல்லையென்றாலும் வட்டியை மட்டும் கட்டித் திரும்ப வைக்க முடியுமா என்று தவணை முடியுமுன் போய்க் கேட்கவேண்டும், ஏலத்துக்குப் பின் கேட்டுப் பயனில்லை. மிஞ்சும் காசைக் குழுக்கடன்களுக்கு விகிதப்படி பிரியுங்கள். கிழமைத் தவணைகள் 1,250, 1,600, 850, 1,100 என்று மொத்தம் 4,800 வருகிறது, வீட்டுச் செலவு போக மிஞ்சுவது 1,500 என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் தவணையில் 31 வீதம் அளவு. 1,250காரருக்கு 390 ரூபா. அறுவடைக்குப் பிறகு கூடுதலாக ஒரு தொகை. இதை எழுதி, வருமானக் கணக்கையும் இணைத்து, ஒவ்வொரு கிளை முகாமையாளருக்கும் கொடுத்துத் தவணையை மாற்றித் தரும்படி கேட்கவேண்டும். தமிழில் எழுதினால் போதும், பிரதியில் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள்.

இங்கே வழக்கமாகப் பிழைப்பது மூன்று இடத்தில். ஊருக்கு வரும் உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டு அவர் முடியாது என்றதும் விட்டுவிடுவது. அந்தப் பொடியனுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, அவனுக்கும் மேலிருந்து இலக்கு, மாதக் கடைசியில் அவன் படுகிற பாடும் சொல்லத்தக்கது இல்லை. கிளைக்குப் போகவேண்டும். இரண்டாவது, "புது லோன் ஒன்று தாறம், பழையதை அதில கழியுங்க" என்று சொல்வதை ஏற்றுக்கொள்வது. அதில் பழைய வட்டி புதிய முதலாகிவிடும், ஆரம்பச் செலவும் திரும்ப வெட்டப்படும். மூன்றாவது, ஏசுகிறவருக்கு முழுவதும் கட்டி ஏசாதவரை விட்டுவிடுவது. நிறுவனம் கட்டாயம் சம்மதிக்கும் என்பதும் இல்லை. மறுத்தாலும் சொன்ன தொகையைத் தவறாமல் கட்டி ரசீது வைத்திருங்கள், பிறகு எங்கே போனாலும் அது பேசும்.

குழுப் பெண்களின் பேச்சுத்தான் தங்கச்சியை ஆகக் கூடுதலாகக் காயப்படுத்தியிருக்கும். ஒருவர் காசு வராவிட்டால் மற்றவர்கள் கூட்டம் கலையாமல் இருக்கவேண்டும், அல்லது போட்டுக் கட்டவேண்டும். அவர்களும் அடுப்பை விட்டுவிட்டு வந்தவர்கள், கோபம் வரத்தான் செய்யும். அதற்குச் செய்யக்கூடிய ஒரே வேலை, கூட்டத்துக்கு முதல் நாளே போய் "நாளைக்கு என்னால 390தான் ஏலும்" என்று தங்கச்சி தானே சொல்வது. கூட்டத்தில் வைத்துத் தெரியவரும்போது வரும் கோபத்தில் பாதிகூட முதல் நாள் வராது. நீங்கள் கூடப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள், நீங்கள் கதைக்கவேண்டாம்.

கடன் கட்டாததற்காகப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகாது, அது சிவில் விடயம். காசோலை கொடுத்துத் திரும்பினால் கதை வேறு, ஆகவே காசோலை கொடுக்கவேண்டாம். வெற்றுத் தாளில் கையெழுத்து, அடையாள அட்டை, வங்கி அட்டை, எதையும் பிணையாகக் கொடுக்கவேண்டாம். கொடுத்திருந்தால் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்கு வந்து கேவலமாகப் பேசினால் திகதி, நேரம், சொன்ன வசனம், கேட்டவர் பெயர் நாலையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றது என்றால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு, பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935. 2023இல் மத்திய வங்கி கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அவர்களுக்குப் பொருந்தும். மிரட்டினால் பொலிஸில் முறைப்பாடு போடலாம், பெண்களுக்கான 1938ஐயும் அழைக்கலாம். தனியாருடனான சிறு கொடுக்கல் வாங்கலுக்கு மத்தியஸ்த சபை பொருத்தம், அங்கே சட்டத்தரணி வைத்துப் பேசவேண்டிய தேவையே இல்லை. பத்திரம் ஒன்றும் விளங்காவிட்டால் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுக் கிளையில் காட்டுங்கள்.

நீங்கள் காசு கொடுக்க விரும்பினால், திரும்பி வராவிட்டாலும் உங்கள் வீட்டில் சண்டை வராத தொகையைத் தீர்மானியுங்கள். அதைக் கடன் என்று சொல்லாமல் கொடுங்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. கடனொன்றை முடிக்க உதவுவதானால் ஆகச் சிறிய ஒன்றை எடுத்து, தங்கச்சியோடு கிளைக்கே போய் முழுவதும் கட்டி, கணக்கு முடிந்ததற்குக் கடிதம் வாங்குங்கள். பாதி கட்டினால் உங்கள் காசு வட்டியில் கரைந்துவிடும். பிணைக் கையெழுத்தும் நகையும் இனி இல்லை. அதைக் கோபத்தில் சொல்லாமல், நல்ல முகத்தோடு ஒரு தடவை சொல்லுங்கள்: "கையெழுத்து வைக்கமாட்டன் புள்ள. ஆனா ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வந்து கொப்பி பாப்பன்." சொன்னால் வரவேண்டும், மழை என்றாலும்.

அண்ணனுக்கு வேலை கொடுக்கலாம் என்றேனே. வயல் கமநல சேவை நிலையத்தில் யார் பெயரில் பதிந்திருக்கிறது, வெள்ள நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தார்களா என்று பார்ப்பது ஒன்று. குத்தகைக்காரர் பெயர் பதிவில் இல்லாவிட்டால் அடுத்த போகத்துக்கு முன் காணிக்காரரோடு பேசி அதைச் சரிசெய்யவேண்டும். அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கிறதா, இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு எப்போது எடுக்கிறார்கள் என்று விசாரிப்பது இன்னொன்று. இரண்டும் அலைச்சல் வேலை, மோட்டார்சைக்கிள் உள்ள ஆளுக்குப் பொருத்தம்.

ஒரு விடயத்தில் மட்டும் தாமதம் கூடாது. போன் எடுக்காதது, குளிர்த்திக்குக்கூட வராதது, தனக்குள் ஒடுங்குவது, இவற்றோடு "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்பதுபோன்ற பேச்சு வந்தால், சாப்பாடும் நித்திரையும் விட்டுப்போயிருந்தால், நேராகக் கேளுங்கள்: "சாகலாம் எண்டு யோசிச்சியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஒருவர் வாய்விட்டுக் கேட்டதே பலருக்குப் பாரத்தைக் குறைக்கிறது. ஆம் என்றால் அன்று தனியே விடவேண்டாம். வயல் வீடு என்பதால் பூச்சிமருந்து, களைநாசினி எல்லாவற்றையும் மாப்பிள்ளையிடம் சொல்லி அன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். இந்த நாட்டில் 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்ததற்கு ஆக நச்சான பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது பெரிய காரணம். கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் அந்த நேரம் கடந்துபோகும், கடந்தபின் பெரும்பாலானோர் வாழ்கிறார்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் அழைக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகலாம். ஆபத்து உடனடி என்றால் 1990 அம்புலன்ஸ். அவ்வளவு அவசரமில்லை, ஆனால் மனம் சோர்ந்திருக்கிறது என்றால் அவருடைய பிரதேச செயலகத்திலேயே உளவளத்துணை உத்தியோகத்தரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பார்கள், காசு இல்லை.

நீங்கள் போகும் முதல் நாள் அவர் கதவைத் திறக்காமலும் விடலாம். லோன்காரர் என்று நினைத்து உள்ளே பேசாமல் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் அப்படிச் சொல்லிவைத்திருப்பார்கள். குரல் கொடுத்துக் கூப்பிடுங்கள், உங்கள் குரல் தெரியவேண்டும். அப்படியும் திறக்காவிட்டால் பக்கத்து வீட்டில் விசாரிக்காமல், பணிஸை விறாந்தையில் வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு வருவேன் என்று ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். கடன் என்ற சொல் அதில் வேண்டாம். அடுத்த ஞாயிறு போங்கள்.